பறவைக் காய்ச்சல் வந்தால் அரசு என்ன செய்யும்? செட்டிநாட்டில் கோழி வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கேரளத்தில் வாத்து சாகிறது என்று தொலைக்காட்சியில் ஒரு வரி ஓடினால் போதும், காரைக்குடிப் பக்கம் கோழி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் நிறைந்துவிடும். பாதி வதந்தி, பாதி பயம். கொல்லையில் பத்துக் கோழி விட்டிருக்கும் ஆச்சியும், கொட்டகை நிறையக் கறிக்கோழி வைத்திருக்கும் பண்ணைக்காரரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். செட்டிநாட்டில் நோய் வந்துவிட்டது என்று இதைப் படித்துவிட்டு யாரும் பரப்ப வேண்டாம். வந்தால் என்ன நடக்கும், அதற்கு முன்னால் நம் கையில் இருப்பது என்ன என்பது மட்டுமே இங்கே விஷயம்.

வெயில் காலத்தில் வருஷா வருஷம் கோழி சாகிறது. பறவைக் காய்ச்சல் என்று எப்படித் தெரியும்?

நம் ஊரில் கோழி கூட்டமாகச் செத்தால் பெரும்பாலும் அது வெள்ளைக்கழிச்சல்தான், அதாவது இராணிக்கெட் நோய். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் ஊர் ஊராக முகாம் வைத்து இலவசமாகவே போடுகிறது. "அஞ்சு கோழிக்கு எதுக்கு ஊசி" என்று விட்டுவிடாதீர்கள். கழிச்சலுக்கு ஊசி போட்ட ஊரில் கோழி கொத்தாகச் செத்தால், இது வேறு ஏதோ என்ற சந்தேகம் முதல் நாளே வரும். போடாத ஊரில் "வழக்கமான சீக்குதான்" என்று நாலு நாள் ஓடிவிடும். அந்த நாலு நாளில் வைரஸ் பக்கத்து ஊருக்குப் போயிருக்கும்.

பறவைக் காய்ச்சலில் நேற்று மாலை தீனி தின்ற கோழி இன்று காலையில் பஞ்சாரத்துக்குள் செத்துக் கிடக்கும். கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்திருக்கும், தலை வீங்கும், கால் செதிலுக்கு அடியில் ரத்தம் கட்டினது போலச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். முட்டை திடீரெனக் குறையும், ஓடு கெட்டியாகாத தோல்முட்டை விழும். ஆனால் இதே அறிகுறிகளில் சில கழிச்சலிலும் உண்டு. வெறும் கண்ணால் இரண்டையும் பிரிக்க மருத்துவராலும் முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். வாத்து இன்னும் சிக்கல். பல சமயம் அது நோயைச் சுமந்துகொண்டு நன்றாகவே மேயும். அறுவடை முடிந்த வயலில் வெளியூர் வாத்து மந்தை இறங்கினால் நம் கோழிகளை அந்தப் பக்கம் விடாமல் இருப்பது நல்லது.

யாரிடம் சொல்ல வேண்டும்? அவர்கள் வரும்வரை செத்த கோழியை என்ன செய்வது?

உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் இருக்கும் உதவி மருத்துவரிடமோ ஆய்வாளரிடமோ சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். கால்நடைகளுக்கு வரும் தொற்றுநோய்களைத் தடுக்க 2009-இல் கொண்டுவந்த சட்டப்படி, சந்தேகம் இருந்தாலே தகவல் சொல்ல வேண்டியது வளர்ப்பவரின் கடமை.

செத்த கோழியைக் கண்மாய்க்கரையில் வீசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். கையில் ஒரு பாலிதீன் பையை உறை போல மாட்டிக்கொண்டு கோழியைப் பிடித்து, அப்படியே பையை உள்வெளியாகத் திருப்பினால் கோழி உள்ளே போய்விடும், கை படாது. வாயைக் கட்டி, இன்னொரு பையில் போட்டு, நாயும் காக்காயும் தொட முடியாத நிழலான இடத்தில் வையுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகளைக் கூட்டுப் பக்கம் விடாதீர்கள். நாய்க்கும் பூனைக்கும் போட்டுவிடலாம் என்று நினைக்கவே வேண்டாம். நாக்பூரில் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில் இருந்த 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் இந்த வைரஸால்தான் இறந்தன. 2025 ஜனவரியில் அந்தச் செய்தி வந்தது.

சொன்னால் எல்லாக் கோழியையும் கொன்றுவிடுவார்கள். பேசாமல் இருந்துவிட்டால் என்ன?

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பயம் நியாயமானது, அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். ஆம், உறுதியானால் கொல்லத்தான் செய்வார்கள். ஆனால் சொல்லாமல் இருந்தால் கோழி பிழைக்கும் என்பது தவறான கணக்கு. இந்த நோய் வந்த கூட்டில் பெரும்பாலான கோழிகள் சில நாட்களிலேயே செத்துவிடும். ஒன்றிய அரசின் திட்டத்தில் இழப்பீடு என்பது அரசுக் குழு வந்து அழிக்கும் பறவைக்குத்தான். குழு வருவதற்கு முன் தானாகச் செத்ததற்கு அதில் பணம் இல்லை. முதல் நாள் சொன்னவருக்கு இருக்கும் கோழி முழுவதுக்கும் கணக்கு எழுதுவார்கள். நாலாம் நாள் சொன்னவருக்கு மிஞ்சிய ரெண்டு மூணுக்குத்தான்.

2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டத்தில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாகப் பரவியபோது, கிராமத்து ஜனங்கள் கோழியை வீட்டுக்குள் ஒளித்து வைத்தார்கள், அவசர அவசரமாக விற்றார்கள். கடைசியில் சுமார் 40 லட்சம் பறவைகளை அழிக்க வேண்டியதாயிற்று. நாட்டிலேயே முதல் முறையாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் வந்தபோது பாதிப்பு பெரும்பாலும் அந்த வட்டாரப் பண்ணைகளோடு நின்றது. வங்கத்தில் கோழிகள் நம் ஊர் போலவே வீட்டுக் கொல்லையிலும் தெருவிலும் மேய்பவை. நமக்கு எந்த அனுபவம் பொருந்தும் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சீக்குக் கோழியைச் சந்தையில் தள்ளிவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். வாரச் சந்தைக்குப் போகும் ஒரு கோழிக்கூடை பத்து ஊருக்குப் பிரியும். வாங்கிப் போகிறவரும் நம்மைப் போல ஒருவர்தானே.

மாதிரி எடுத்துக்கொண்டு போனால் முடிவு எங்கிருந்து வரும்?

போபாலிலிருந்து. அங்கே உயர் பாதுகாப்பு விலங்கு நோய்களுக்கான தேசிய ஆய்வகம் இருக்கிறது, அது சொன்னால்தான் அதிகாரப்பூர்வம். செத்த பறவையையும், மூக்கு, தொண்டை, எச்சத்துவாரத்தில் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரிகளையும் ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அதுவரை உங்கள் கொட்டகையிலிருந்து கோழியோ முட்டையோ எருவோ எதுவும் வெளியே போகக் கூடாது என்பார்கள். இந்த இடைவெளியில்தான் வதந்தி கிளம்பும். முடிவு வருமுன் ஊர்ப் பெயரைப் போட்டு யாரும் பகிராதீர்கள். கழிச்சலாக இருந்துவிட்டால் அந்த ஊர்க்காரரின் கோழியை ஒரு மாதத்துக்கு யாரும் வாங்க மாட்டார்கள்.

உறுதியானதும் என்ன செய்வார்கள்?

நோய் வந்த இடத்தை நடுவாக வைத்து, சுற்றிலும் 1 கிலோமீட்டர் தூரம் வரை உள்ள இடத்தைப் பாதிக்கப்பட்ட பகுதி என்று அறிவிப்பார்கள். அதற்கு வெளியே 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி. முதல் வட்டத்துக்குள் இருக்கும் கோழி, வாத்து, வான்கோழி, கினிக்கோழி, காடை எல்லாவற்றையும் அழிப்பார்கள், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரண்டாவது வட்டத்தில் கொல்ல மாட்டார்கள். மாதிரி எடுப்பார்கள், விற்பனைக்கும் வண்டிப் போக்குவரத்துக்கும் கட்டுப்பாடு வரும். ஒரு பேச்சுக்குக் கோட்டையூரில் ஒரு பண்ணை என்று வைத்துக்கொண்டால், காரைக்குடிக் கறிக்கடைகளும் அந்த இரண்டாவது வட்டத்துக்குள் வந்துவிடும். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடப்பதால், வட்டம் எல்லை தாண்டினால் இரண்டு ஆட்சியர்களும் சேர்ந்து உத்தரவு போட வேண்டியிருக்கும். பக்கத்து ஊரில் ஒரு சட்டம், நம் ஊரில் ஒரு சட்டமா என்று அந்தச் சமயத்தில் சண்டை போடாதீர்கள்.

அழிக்க வருவது விரைவு நடவடிக்கைக் குழு. மருத்துவர், ஆய்வாளர், உதவியாளர்கள் என்று சிலர் உடம்பு முழுக்க மூடிய வெள்ளை உடை, கண்ணாடி, முகக்கவசம், ரப்பர் பூட்ஸ் போட்டு வருவார்கள். அந்த உடையைப் பார்த்தே பாதி ஊர் மிரளும். முதலில் என்ன பறவை, எத்தனை, என்ன வயது என்று எழுதுவார்கள். கோழியைக் கழுத்தை முறித்துக் கொல்வார்கள், பிறகு பையில் போட்டுக் கட்டுவார்கள். முட்டை, மிச்சத் தீனி, எரு, முட்டை அட்டை, மூங்கில் கூடை என்று நோய் ஒட்டக்கூடியது எதையும் விடமாட்டார்கள். கொட்டகைத் தரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு தூவி, சோடியம் ஹைப்போகுளோரைட் போன்ற கிருமிநாசினி அடிப்பார்கள். அந்த உடைக்குள் நம் வெயிலில் அரை மணி நேரம் நிற்பதே கஷ்டம். அவர்கள் மேல் கோபப்பட வேண்டாம். குழுவில் உள்ளவர்களுக்குக் காய்ச்சல் தடுப்பு மாத்திரை கொடுத்துப் பத்து நாள் அவர்களையும் கண்காணிப்பார்கள். அவர்களும் ஆபத்தைத் தாங்கித்தான் வருகிறார்கள்.

கோழிகள் மாலையில் அடையும்போது பிடிப்பது சுலபம். பகலில் தெருவில் மேயும் கோழியைத் துரத்தினால் அது வேலியைத் தாண்டி அடுத்த வளவுக்குள் ஓடும். அறிவிப்பு வந்ததும் எல்லாவற்றையும் பஞ்சாரத்தில் அடைத்துவையுங்கள். அது குழுவுக்கும் உதவி, உங்கள் எண்ணிக்கையும் சரியாக வரும்.

கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் இருக்கிறது. அதையுமா?

வட்டத்துக்குள் இருந்தால் அதையும்தான். இதைக் கேட்கும்போது பெரியவர்கள் குரல் உடைவதைப் பார்த்திருக்கிறேன். முனியய்யாவுக்கு விட்ட சேவலை வேறு யாரோ கழுத்தைத் திருகுவது மனசுக்கு ஒப்பாத காரியம். குழு வருமுன் ஊர்ப் பெரியவர்களும் பூசாரியும் கூடிப் பேசி, வேறு வகையில் நேர்த்தியைச் செலுத்துவது பற்றி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒளித்துவைத்த ஒரே ஒரு சேவலால் மொத்த வேலையும் வீணாகும். சண்டைச் சேவல் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில். வைரஸுக்கு ஆயிரங்களில் விலை போகும் சேவலும் ஒன்றுதான், குஞ்சும் ஒன்றுதான்.

குழி எங்கே வெட்டுவார்கள்?

முடிந்தவரை அந்த இடத்திலேயே, ஆழமாக. பறவைகளைப் போட்டுச் சுண்ணாம்பு தூவி, மேலே கனமாக மண் மூடி, நாய் தோண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். கேரளத்தின் குட்டநாட்டில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வருவதால் அங்கே விறகு அடுக்கி எரிப்பதே வழக்கம்.

நமக்கு வேறு பிரச்சினை. இங்கே எத்தனையோ ஊர்களில் ஊருணிதான் உயிர். மழைத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக ஓடி ஊருணிக்கு வருகிறது. எந்த மேட்டிலிருந்து தண்ணீர் இறங்கும், எந்தப் பொட்டல் பள்ளம் என்று வெளியூரிலிருந்து வரும் அதிகாரிக்குத் தெரியாது. அதைக் காட்ட வேண்டியது ஊர்க்காரர்கள். வரத்துக்காலிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தள்ளி, தண்ணீர் தேங்காத இடத்தை ஊராட்சியில் இப்போதே பேசிக் குறித்து வைக்கலாம். செம்மண் சரளைத் தரையில் மண்வெட்டியால் அவ்வளவு ஆழம் தோண்ட முடியாது, ஜேசிபி வேண்டும். அது போய்வர வழி இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நோய் வந்த அன்றைக்கு இதையெல்லாம் பேச நேரம் இருக்காது.

இழப்பீடு எவ்வளவு?

செலவை ஒன்றிய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி ஏற்கின்றன. 2021-இல் மகாராஷ்டிரத்தில் வளர்ந்த முட்டைக்கோழிக்கு 90 ரூபாய், கறிக்கோழிக்கு 70 ரூபாய், குஞ்சுக்கு 20 ரூபாய், முட்டைக்கு 3 ரூபாய், தீனிக்குக் கிலோ 12 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதே 2021 ஜனவரியில் கேரளம் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாய், முட்டைக்கு 5 ரூபாய் என்று அறிவித்தது. ஆக, மாநிலம் மனசு வைத்தால் கூட்டிக் கொடுக்க முடியும்.

90 ரூபாய் நாட்டுக்கோழி வளர்ப்பவருக்கு ஈடே இல்லை. கிலோ பல நூறு ரூபாய்க்குப் போகும் கோழி, வருஷத்துக்குச் சில முறைதான் அடைகாக்கும், ஆறேழு மாதம் வளர்த்தால்தான் கறிக்கு ஆகும். அதற்கும் நாற்பது நாள் கறிக்கோழிக்கும் பக்கத்துப் பக்கத்தில் விலை வைத்தால் யார் தானாக முன்வந்து தகவல் சொல்வார்? சிறுவிடை, பெருவிடை போன்ற நாட்டினங்களுக்குத் தனி விலையைத் தமிழக அரசு நோய் வருமுன்பே அறிவித்துவைக்க வேண்டும். பணமும் ஒன்றிய அரசின் பங்கு வரும்வரை காத்திருக்காமல் மாநிலத்திலிருந்து உடனே கைக்கு வர வேண்டும். இதைக் கிராமசபையில் தீர்மானமாகப் போட்டு அனுப்பலாம், யாரும் தடுக்கப் போவதில்லை.

உங்கள் பங்குக்கு, பறவையைக் கொல்லுமுன் எண்ணிக்கை எழுதும் படிவத்தை நன்றாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நகல் கேளுங்கள், இல்லையென்றால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதாரும் வங்கிப் புத்தகமும் தயாராக இருக்கட்டும்.

நான் கம்பெனிக்கு வளர்த்துக் கொடுக்கிறேன். பணம் யாருக்கு?

ஒப்பந்தப் பண்ணையில் குஞ்சும் தீனியும் மருந்தும் கம்பெனியுடையது. கொட்டகை, கரண்டு, தண்ணீர், உழைப்பு உங்களுடையது. நீங்கள் வாங்குவது வளர்ப்புக் கூலி. அதனால் பறவைக்கான இழப்பீட்டை உரிமையாளர் என்ற முறையில் கம்பெனி கேட்கும். கொட்டகை மாதக் கணக்கில் காலியாகக் கிடக்கும் நஷ்டம் உங்கள் தலையில் விழும். உங்கள் ஒப்பந்தத்தில் நோய் வந்தால் கூலி உண்டா என்று ஒரு வரியாவது இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடுத்த குஞ்சு இறக்குமுன் கேளுங்கள். தனியாகக் கேட்டால் காதில் விழாது, அந்தப் பகுதிப் பண்ணைக்காரர்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.

தடுப்பூசி போட்டுவிட்டால் இந்தக் கொலையெல்லாம் வேண்டாமே?

பறவைக் காய்ச்சல் வைரஸில் கொடிய வகையான எச்5என்1-க்கு இந்தியாவில் கோழிகளுக்குத் தடுப்பூசி போட அனுமதி இல்லை. வீரியம் குறைந்த எச்9என்2-க்கு மட்டும் அனுமதி இருக்கிறது. சீனா, எகிப்து, இந்தோனேசியா போடுகின்றன. பிரான்ஸ் 2023 அக்டோபரிலிருந்து வாத்துகளுக்குப் போடுகிறது. நம் அரசின் தயக்கத்துக்குக் காரணம், ஊசி போட்ட பறவை சாகாமலேயே வைரஸைப் பரப்பலாம் என்பதும், நாமக்கல் முட்டை போன்ற ஏற்றுமதிக்குச் சிக்கல் வரும் என்பதும். கடையில் யாராவது பறவைக் காய்ச்சல் ஊசி என்று விற்றால் வாங்காதீர்கள்.

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வெளிநாட்டுப் பறவைகள் வருகின்றனவே, அவற்றை விரட்டிவிட்டால்?

வேண்டவே வேண்டாம். காட்டு நீர்ப்பறவைகள் வைரஸைச் சுமக்கலாம் என்பது உண்மை. ஆனால் விரட்டினால் அவை ஒரே கண்மாயில் இருப்பதை விட்டுப் பத்துக் கண்மாய்க்குப் பிரியும், நோய் இருந்தால் அதுவும் கூடவே போகும். திருப்பத்தூர்ப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் அந்தப் பறவைகளுக்காகத் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த அன்புக்கும் கோழி வளர்ப்புக்கும் எந்தப் பகையும் இல்லை. நாரை வந்து இறங்கும் கண்மாயில் நம் கோழியையும் வாத்தையும் விடாமல், அந்தத் தண்ணீரைக் கூட்டுக்குக் கொண்டுவராமல் இருந்தால் போதும்.

குன்றக்குடிப் பக்கமோ வேறு எங்கேயோ மயில், காக்கை, கொக்கு கொத்தாகச் செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்கும் கால்நடைத் துறைக்கும் சொல்லுங்கள்.

கோழிக்கறி, முட்டை சாப்பிடலாமா?

நன்றாக வெந்தால் தாராளமாக. உள்ளே வரை 70 டிகிரி சூடு ஏறினால் வைரஸ் சாகும். நம் நாட்டுக்கோழிக் குழம்பு கொதிக்கும் கொதியில் எதுவும் மிஞ்சாது. சத்துணவு முட்டையும் முழுக்க வேகவைத்ததுதான், பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். பக்கத்தில் நோய் இருக்கும் நாட்களில் ஆஃபாயிலும் கலக்கியும் வேண்டாம், அவ்வளவுதான். மெஸ் நடத்துகிறவர்கள் பச்சைக்கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம் நறுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபத்து தட்டில் இல்லை. உயிருள்ள சீக்குக் கோழியைப் பிடிப்பது, அறுப்பது, இறகு பிடுங்குவது ஆகியவற்றில்தான் இருக்கிறது.

மனிதருக்கு வருமா?

அரிதாக வரும். வந்தால் கடுமையாக இருக்கும். 2003-லிருந்து உலகம் முழுவதும் 900-க்கும் மேற்பட்டவர்களுக்கு எச்5என்1 உறுதியாகி, கிட்டத்தட்டப் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். இந்தியாவில் 2021-இல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025-இல் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இறந்தார்கள். அந்தக் குழந்தை சமைக்காத கோழிக்கறித் துண்டைத் தின்றதாகச் செய்தி வந்தது. அறுக்கும் இடத்தில் விளையாடும் பிள்ளைகளைத் தள்ளி வைக்கச் சொல்வது இதனால்தான். சீக்குக் கோழியைத் தொட்டபின் பத்து நாளுக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய், "கோழி செத்தது, நான் தொட்டேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். சொன்னால்தான் சரியான மருந்தைச் சீக்கிரம் தொடங்க முடியும். சந்தேகத்துக்கு 104-ஐ அழைக்கலாம்.

கேரளத்தில் வந்தால் இங்கே என்ன செய்கிறார்கள்?

வாளையார், புளியரை, குமுளி, களியக்காவிளை போன்ற எல்லைச் சாவடிகளில் வண்டிகளுக்குக் கிருமிநாசினி அடிப்பார்கள். அங்கிருந்து கோழி, வாத்து, முட்டை, தீனி வருவதைத் தடுப்பார்கள். சரிதான், ஆனால் நம் பண்ணை வாசலிலும் ஒரு சாவடி வேண்டும். கோழி ஏற்றிப் போய்விட்டு வெறும் கூண்டோடு திரும்பும் வண்டி, மறுபடி மறுபடி பயன்படும் முட்டை அட்டை, லாரியில் வரும் கோழி எரு ஆகிய மூன்றும்தான் நோயைத் தூக்கி வரும். வாசலில் கிருமிநாசினித் தொட்டி, கொட்டகைக்கென்று தனிச் செருப்பு, வெளி வண்டி நிற்கத் தனி இடம் இருந்தால் போதும். பெரிய செலவு இல்லை.

மறுபடி எப்போது கோழி விடலாம்?

கொட்டகையைச் சுத்தம் செய்து முடித்ததற்குத் துறையிடம் சான்று வாங்க வேண்டும். அதன் பிறகும் மூன்று மாதம் சுற்றுவட்டாரத்தில் மாதிரி எடுத்துக் கண்காணிப்பார்கள். இடையில் இன்னொரு இடத்தில் வந்தால் காலம் நீளும். 2024-இல் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் திரும்பத் திரும்ப வந்ததால் அந்த ஆண்டு டிசம்பர் முடியும்வரை கோழி, வாத்து வளர்ப்புக்கே தடை போட்டார்கள். அனுமதி வந்ததும் எடுத்த எடுப்பில் கொட்டகையை நிரப்பாதீர்கள். முதலில் கொஞ்சம் குஞ்சு விட்டு, சில வாரம் பார்த்து, மருத்துவரிடம் காட்டிவிட்டு அப்புறம் கூட்டுங்கள். குஞ்சை ஊர் ஊராகக் கூடையில் விற்பவரிடம் வாங்காமல், தடுப்பூசிக் கணக்கு காட்டும் பொரிப்பகத்தில் வாங்குங்கள்.